தண்ணீர் படக்கூடாத சாமான்

"நிறுத்துளா விஜிலா. மாமனைப் போலீசுல பிடிச்சுக் குடுத்தவள்னு இன்னொரு தரம் உன் வாயில வந்துச்சு, இந்தக் கடலைச் சட்டியைத் தூக்கி உன் வாசல்ல கவுத்திருவேன்."

கடலை வறுக்கிற சட்டியைக் கழுவப் போன தெருக்குழாயடியில் வைத்துத்தான் சொன்னேன். ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். எதிர்வீட்டு விஜிலா அதற்கெல்லாம் அசைகிறவள் இல்லை.

"நான் மட்டுமா பெரியம்மா சொல்லுதேன்? தெருவே சொல்லுது. வளத்த மாமனைக் காட்டிக் குடுத்தா. அவர் மகள் கல்யாணத்தைக் கெடுத்தா. முப்பத்தொரு வயசாயும் தனக்கு ஒண்ணும் அமையலைன்னு வயித்தெரிச்சல். பத்தாததுக்குக் குண்டு செய்யுற வேலை. அவ கை வெளங்குமா?"

"உன் கை வெளங்குதுல்லா? அது இன்னைக்கும் உன் தோள்ல ஒட்டிக்கிட்டு இருக்கே, யாரால?" என்று கேட்டேன். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு எழுத்து கிடையாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி அனிஷா எழுதுகிறாள். கெட்டுப்போனது என்கிறார்களே, அந்தக் கல்யாணத்துக்குப் பெண் இவள்தான். நவம்பரில் நடக்க வேண்டியது தை பிறந்து நடந்தது, அவ்வளவுதான். மாப்பிள்ளை ஜெரால்டு இப்போது உள்ளே படுத்துக் குறட்டை விடுகிறான். கெட்டுப்போன கல்யாணத்தில் இந்தக் குறட்டை எங்கிருந்து வரும்?

கெட்டது வேறு ஒன்று. தெரு ஏசுகிற என் இன்னொரு பேத்தி பிளாரன்சின் வேலை. அது நிலைக்குமா, போகுமா என்று இந்தத் தவக்காலம் வரைக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில், "விசாரணை என்னளா ஆச்சு?" என்று கேட்டால், "சாப்பிட்டியா பாட்டி?" என்கிறாள். அதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பிளாரன்ஸ் என் மகள் வயிற்றுப் பேத்தி. நாலு வயதில் தாயை மஞ்சள் காமாலைக்குப் பறிகொடுத்தாள். தகப்பன் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவன். கொச்சியில் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு இந்தப் பக்கமே வரவில்லை. என் மகன் பாஸ்கல்தான், "எனக்கு அனிஷா ஒண்ணு, இவ ஒண்ணு" என்று இரண்டு பேரையும் ஒன்றாக வளர்த்தான். அவன் சங்கு குளிக்கப் போவான். நான் கடற்கரையில் கடலை வறுத்து விற்பேன்.

ரொம்பப் பயந்த பிள்ளை அது. மாதா கோவில் கொடியேற்றத்துக்கு வெடி போட்டால் என் சேலைக்குள் வந்து புகுந்துகொள்ளும். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்தும். இந்தப் பிள்ளையைத்தான் குண்டு செய்கிறவள் என்கிறார்கள்.

ஒருநாள் பாஸ்கல் மூக்கில் ரத்தம் வடிய வீட்டுக்கு வந்தான். சங்கு குளிக்கிறவனுக்கு வள்ளத்தில் இருக்கிற கம்ப்ரசரில் இருந்து ஒரு குழாய் வழியாகத்தான் மூச்சுக்காற்று போகும். மேலே நின்ற ஆள் அந்தக் குழாயைத் தெரியாமல் மிதித்துவிட்டான். நாங்கள் எல்லோரும் மிதித்தவனைத் திட்டினோம். பதினோரு வயதுப் பிளாரன்ஸ் மட்டும், "மிதிச்சா காத்து நிக்கிற மாதிரி எதுக்கு மாமா வச்சிருக்கிய?" என்று கேட்டது. பழைய சைக்கிள் டயரை அறுத்துக் குழாயைச் சுற்றி வளையம் வளையமாகக் கட்டிக் கொடுத்தது. பயந்தவளுக்குத்தான் எங்கே ஆபத்து என்று தெரியும். பாஸ்கல் வள்ளத்தில் இன்றைக்கும் குழாய்க்கு டயர் வளையம் உண்டு.

ஊரிலேயே இன்ஜினியரிங் படித்தாள். ஏதோ பரீட்சை எழுதினாள். டெல்லிக்குப் போய் நேரில் பேசிவிட்டு வந்தாள். கப்பல்படைக்கு ஆயுதம் செய்கிற அரசாங்க இடத்தில் வேலை என்றாள். அது எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். சொல்லாதே என்றாள். நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

வேலைக்கு முன்னால் அவளைப் பற்றி விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தார். வந்தவர் நேரே வீட்டுக்கு வந்திருக்கலாம். காசிலிங்கம் அண்ணாச்சி கடையில் நின்று, "பிளாரன்ஸ்னு ஒரு பொண்ணு, எப்படி?" என்று கேட்டார். அரை மணி நேரத்தில் தெருவுக்குள் பிளாரன்ஸ் கஞ்சா கடத்தியிருந்தாள், இலங்கைக்காரனோடு ஓடியிருந்தாள், பாஸ்போர்ட்டைத் திருத்தியிருந்தாள். அதன்பிறகுதான் அவர் என் வாசலுக்கு வந்தார்.

"இந்தப் பொண்ணு எப்படிப்பட்டவம்மா?"

"சொன்ன பேச்சு கேக்க மாட்டா. மீன் முள்ளைச் சரியா எடுக்கத் தெரியாது. வேற ஒரு குத்தமும் கெடையாது. எழுதிக்கிடுங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. போலீஸ்காரர் வந்து விசாரித்துக் கொடுக்கிற வேலை நல்ல வேலையாக எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பிடித்த பயம் எனக்கு.

என்ன வேலை செய்கிறாய் என்று ஒவ்வொரு லீவிலும் கேட்பேன். மழுப்புவாள். ஒருதரம்தான் சொன்னாள்.

"பூட்டு செய்யுதேன் பாட்டி."

"பூட்டா?"

"தண்ணிக்குள்ள போற குண்டு இருக்குல்லா, அது கப்பல்ல இருக்கும்போது வெடிக்கக்கூடாது. தூக்கும்போது வெடிக்கக்கூடாது. கை தவறிக் கீழ விழுந்தாலும் வெடிக்கக்கூடாது. தண்ணிக்குள்ள இவ்வளவு தூரம் போன பெறவுதான் பூட்டு திறக்கணும். நம்ம ஆளுக பக்கத்துல நிக்கிற வரைக்கும் அது செத்த பாம்பாக் கெடக்கணும். அதைப் பாக்கிறதுதான் என் சோலி."

"பூட்டு நல்லா இருக்கான்னு எப்படிளா பாப்பே?"

"அது திறந்துறதுக்கு என்னென்ன வழி உண்டோ அத்தனையும் செஞ்சு பாப்போம். உசரத்துல இருந்து போடுவோம். குலுக்குவோம். சுட வைப்போம்."

கேட்டது என் தப்பு. அதன்பிறகு அடுப்பில் பாத்திரம் விழுந்தால்கூட அவள் பேரைச் சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டேன். சுட வைக்கிறார்களாம். யார் பக்கத்தில் நின்று சுட வைக்கிறது? என் மகள் எனக்கு விட்டுப்போனது இந்த ஒன்றுதான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் போன் வரும். ஒரு மழைக்காலத்தில் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அவளுடைய ஆபீசில் பாஸ்கல் கேட்டதற்கு, "வெளியே போயிருக்கிறார்" என்று மட்டும் சொன்னார்களாம். பத்தொன்பது நாள் ஜெபமாலையை உருட்டினேன். கடைசியில் கூப்பிட்டாள். கடலில் சோதனை, கப்பலில் இருந்து பேசக்கூடாது என்றாள். அதற்குப் பிறகு லீவில் வந்தபோது இடது புருவம் பாதி இல்லை. "ஃபேஷன் பாட்டி" என்றாள். எனக்கு எழுத்துதான் தெரியாது. தீ தெரியாதா? நாற்பது வருஷமாக அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவள் நான்.

போன நவம்பரில் அனிஷா கல்யாணத்துக்கு வந்தாள். பெரியதாழை ஊர் மாப்பிள்ளை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோவிலில் அறிவிக்கிற ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை அந்த ஞாயிறு, கல்யாணம் புதன்கிழமை. அதை விட்டால் திருவருகைக்காலம் வந்துவிடும், கிறிஸ்துமஸ் முடிகிறவரை கோவிலில் கல்யாணம் கிடையாது. அதனால் எல்லோருக்கும் பரபரப்பு.

அந்த வாரம் கடல் கலங்கிக் கிடந்தது. சங்கு இல்லை. பாஸ்கல் வெறுங்கையோடு திரும்பும்போது இரண்டு உருளை மிதந்து வந்திருக்கின்றன. முழங்கை நீளம், தகரமா அலுமினியமா தெரியாது, மேலே சிப்பி மூடியிருந்தது. எழுத்து ஏதும் தெரியவில்லை. எந்தக் கப்பலில் இருந்து எப்போது விழுந்ததோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வெறுங்கையோடு வருகிற நாளில் கடல் எதைக் கொடுத்தாலும் அதை விற்கக் கூடாது. ஒன்றைக் குருசடியில் சிலுவைக்குக் கீழே வைக்க வேண்டும், மற்றது வீட்டுக்கு. பாஸ்கல் நாலு நாள் அவற்றை வள்ளத்துப் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தான். சனிக்கிழமை காலையில் எடுத்துவந்து, கத்தியால் சிப்பியைச் சுரண்டினான். சிப்பியோடு மூடியில் இருந்த அடைப்பும் வந்துவிட்டது. அது அவனுக்குத் தெரியாது. ஒன்றைக் குருசடியில் வைத்துவிட்டு, இன்னொன்றை என் கையில் கொடுத்தான்.

"மெழுகுதிரி வைக்கத் தோதா இருக்கும்மா. கல்யாணத்துக்கு வாசல்ல வைப்போம்."

இனி என்னுடைய வழக்கம். உப்போடு எதுவும் என் வாசல் தாண்டாது. நங்கூரமோ கத்தியோ கம்ப்ரசர் சாமானோ, எதுவானாலும் நல்ல தண்ணீரில் முக்கி, தேய்த்து, அதன்பிறகுதான் உள்ளே வர வேண்டும். இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளில் இருந்து அப்படித்தான். யாரையும் கேட்கவில்லை. கொல்லைச் சிமெண்டுத் தொட்டியில் அதைப் போட்டுவிட்டு, தேய்க்க நார் எடுக்கத் திரும்பினேன்.

முதலில் வாடை. அழுகின பூண்டு மாதிரி ஒரு வாடை. பிறகு வெள்ளைப் புகை. திரும்பிப் பார்த்தால் தொட்டியில் தண்ணீர் எரிகிறது.

தண்ணீர் எரிந்ததை என் கண்ணால் பார்த்தேன். கத்த வாய் வரவில்லை. பாஸ்கல்தான் ஓடிவந்து வாளித் தண்ணீரைத் தூக்கி ஊற்றினான். வேறு என்ன செய்வான்? தீ என்றால் தண்ணீர்தானே ஊற்றுவோம்? குப்பென்று நெருப்பு எழுந்து அவன் முழங்கையைப் பிடித்தது.

"ஊத்தாதிய மாமா! தண்ணி ஊத்தாதிய!"

குசினிக்குள் இட்லி தின்றுகொண்டிருந்த பிளாரன்ஸ் எச்சில் கையோடு ஓடிவந்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. வெடிக்குப் பயந்து என் சேலைக்குள் புகுந்த பிள்ளையின் முகம்தான் அது.

"காஞ்ச மண்ணு! பாட்டி, காஞ்ச மண்ணு எங்க?"

நவம்பர் மாதம். கொல்லை மண், கடற்கரை மண், எல்லாம் மழையில் ஊறிக் கிடந்தது. காய்ந்த மண்ணுக்கு எங்கே போவது? என் விரல் தானாக அடுப்படியைக் காட்டியது. கடலை வறுக்கிற மணல். ஒரு சாக்கு. வறுத்து வறுத்துக் கறுத்த மணல், ஈரம் என்பதே அறியாத மணல். அவள் தொட்டிக்குள் இருந்ததைக் கொறட்டால் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு, மணலை அள்ளி அள்ளி அதன்மேல் கொட்டினாள். புகை அடங்கியது. எங்களை எல்லாம் காற்று வருகிற பக்கமாகத் தெருவுக்குத் துரத்தினாள்.

பாஸ்கல் கையைச் சேலைத் துணியில் சுற்றும்போதுதான் சொன்னான். "ஏளா, அங்கன குருசடியில இன்னொண்ணு இருக்கு."

பிளாரன்ஸ் நிற்கவில்லை. மிச்ச மணல் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். எழுபத்து நாலு வயதில் ஓடினேன்.

குருசடி தெருக்கோடியில், கடலைப் பார்த்து இருக்கிறது. சனிக்கிழமை அதைக் கழுவிவிடுகிற முறை அந்த வாரம் யாருக்கு? விஜிலாவுக்கு. இரண்டு கையாலும் வாளியைத் தூக்கிவிட்டாள். சிலுவைக்கு அடியில் அந்த உருளை நிற்கிறது.

"விஜிலாக்கா, வாளியை அப்படியே கீழ வையுங்க. ஊத்தாதிய."

"என்னளா இது? சாமி இடத்தைக் கழுவ உன்கிட்ட உத்தரவு வாங்கணுமா?"

"அக்கா, கும்பிட்டுக் கேக்கேன்."

உண்மையாகவே கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த நேரம் எனக்கு வாய் திறந்தது. "வையிளா மூதேவி!" என்று நான் போட்ட சத்தத்தில்தான் விஜிலா வாளியை வைத்தாள். அந்த வாளி இப்போதும் அவள் வீட்டில் இருக்கிறது. அதில்தான் குழாயடிக்கு வருகிறாள்.

கடலில் இடம் அடையாளம் காட்டுவதற்காகக் கப்பல்காரர்கள் போடுகிற சாமானாம் அது. தண்ணீர் பட்டால் தானாக எரிந்து புகை விடுமாம். மூடிக்குள் அடைப்பு இருக்கிறவரைக்கும் ஒன்றும் செய்யாது. அடைப்பைத்தான் நாங்கள் சுரண்டி எடுத்துவிட்டோமே.

பிளாரன்ஸ் போனை எடுத்தாள். பாஸ்கல் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"போலீசுக்கா பேசுதே? வேண்டாம்ளா. நாலு நாளா என் வள்ளத்துல இருந்திருக்கு. என்ன ஏதுன்னு என்னைத்தான் தூக்குவான். நாளைக்கு மூணாவது ஓலை. எடுத்துக் கடல்லயே போட்டுருவோம், ஒருத்தருக்கும் தெரியாது."

"கடல்ல போட்டா இன்னொரு வள்ளம் எடுக்கும் மாமா. அந்த வீட்டுலயும் ஒரு பாட்டி இருப்பா."

"அனிஷா மொகத்தைப் பாத்துட்டுப் பேசு."

அனிஷா அங்கேதான் நின்றாள். மருதாணிக் கையோடு நின்றாள். பிளாரன்ஸ் அவளைப் பார்த்தாள். பிறகு மாமன் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். வளர்த்த கை அது, தீயில் வெந்த கை. போனில் பேசினாள். பேரைச் சொன்னாள், வேலையைச் சொன்னாள், தெருவைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

காலை ஒன்பது மணி அது. வெடிகுண்டு ஆட்கள் திருநெல்வேலியில் இருந்து வர வேண்டும். வழியில் ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, நேரமாகும் என்றார்கள்.

தெருவில் கடற்கரைப் பக்க வீடுகளை எல்லாம் காலி செய்யச் சொன்னாள். சாக்கு மணலை உருளையைச் சுற்றி அணை மாதிரி கட்டினாள். காசிலிங்கம் அண்ணாச்சி கடைத் தார்ப்பாயைக் கழற்றிக் கொடுத்தார். "கிழிஞ்சாலும் பரவாயில்ல தாயி" என்றார். அதை நாலு கம்பில் கூரை மாதிரி கட்டி, தான் மட்டும் பக்கத்தில் நின்றாள். நாங்கள் தூரத்தில், தெரு முனையில்.

பதினோரு மணிக்குக் கிழக்கே கறுத்தது. கொண்டல் காற்று எழுந்தது. என் வாழ்நாளில் மழை வேண்டாம் என்று நான் ஜெபித்தது அன்று ஒருநாள்தான். உப்பளக்காரன் ஜெபிப்பான் அப்படி. நானுமா என்று மாதா நினைத்திருப்பாள். சொட்டுச் சொட்டாக விழுந்தது. தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்தது. ஒரு பக்கக் கம்பு சாய, பிளாரன்ஸ் அந்த முனையைத் தன் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் முழுக்க நனைகிறாள். கால் அருகில் அந்தச் சாமான் நனையாமல் நிற்கிறது. நான் முன்னே போனேன்.

"பாட்டி, அங்கனயே நில்லு!"

"போதும்ளா, வந்துரு. அது எரிஞ்சா எரியட்டும்."

"எரிஞ்சா புகை தெருவுக்குள்ளதான் வரும். ஜெபமாலை வச்சிருக்கேல்லா, சொல்லு. சத்தமாச் சொல்லு, எனக்கும் கேக்கட்டும்."

சொன்னேன். அருள்நிறைந்த மரியே என்று தொடங்கி எத்தனை மணி உருட்டினேன் என்று தெரியாது. காற்றில் அவளுக்குக் கேட்டதோ என்னவோ, உதடு மட்டும் அசைந்ததைப் பார்த்தேன். மழை பெரிதாகவில்லை. விட்டு விட்டுத் தூறியது, அவ்வளவுதான். நாலு மணிக்கு வண்டி வந்தது. கனத்த உடுப்புப் போட்ட ஆட்கள் இறங்கி, அவளைத் தள்ளிப் போகச் சொன்னார்கள். அவள் கையை இறக்க முடியவில்லை, விறைத்துவிட்டது. ஒருத்தர் விரல் விரலாகப் பிரித்துத் தார்ப்பாயை வாங்கினார்.

அதன்பிறகு நடந்ததுதான் என் நெஞ்சில் கிடக்கிறது.

இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாஸ்கல் எடுத்து வந்ததை எழுதினார். பிறகு கேட்டார்: "இதைத் தண்ணியில போட்டது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடி நின்றது. ஸ்டேஷன், ஜீப், கம்பி எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. காக்கியைப் பார்த்ததும், அன்று "எழுதிக்கிடுங்க" என்று பேசிய நாக்கு எங்கோ போய்விட்டது.

"நான்தான் சார்," என்றாள் பிளாரன்ஸ். "என்னன்னு பாக்காமப் போட்டுட்டேன்."

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க இந்த வேலைதானே பாக்கிறீங்க?"

"ஆமா சார்."

எழுதிக்கொண்டார். அவள் கையெழுத்துப் போட்டாள். நான் சும்மா நின்றேன். பயம். வேறு காரணம் எதுவும் சொல்லிப் பூச மாட்டேன். பயம்தான்.

பாஸ்கலை மூன்று நாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அடிக்கவில்லை, வையவில்லை, உட்கார வைத்துக் கேட்டார்கள். ஆனால் ஞாயிறு பூசைக்குப் பெரியதாழைப் பெரியவர்கள் வந்தபோது பெண்ணின் தகப்பன் ஸ்டேஷனில் இருந்தான். "கிறிஸ்துமஸ் முடியட்டும், பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போனார்கள். தெருவுக்குக் கதை கிடைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பிளாரன்சுக்கு ஆபீசில் இருந்து போன். சன்னலோரம் நின்று இங்கிலீசில் பேசினாள். 'எஸ் சார், எஸ் சார்' என்று நாலு தரம் சொன்னாள். வைத்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"என்னளாம்?"

"உடனே வரச் சொல்லுதாங்க."

"எதுக்கு?"

"பூட்டு செய்யுறவ தெரியாமத் தண்ணியில போட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன்லா. தெரியாமப் போட்டியா, தெரிஞ்சு போட்டியான்னு கேப்பாங்க. தெரியாமன்னா அந்தச் சோலிக்கு நான் லாயக்கில்ல. தெரிஞ்சுன்னா அதைவிட மோசம்."

பயத்தை அவள் குரலில் அப்போதுதான் கேட்டேன். தீக்கு முன்னால் இல்லாத நடுக்கம். பதினாறு வயதில் இருந்து ராப்பகலாகப் படித்து வாங்கிய வேலை. அது என் ஒரு வாய் மூடலில் போகப் பார்க்கிறது.

மறுநாள் புதன்கிழமை. கல்யாணத்துக்குக் குறித்திருந்த புதன்கிழமை. ஒன்பது மணி பஸ்ஸுக்குப் பிளாரன்ஸ் பை கட்டும்போது நான் அனிஷாவை உட்கார வைத்தேன். கல்யாணப் பட்டை மடிப்புப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் பேப்பரைக் கொடுத்து, "எழுது" என்றேன். நான் சொன்னது இவ்வளவுதான்: தண்ணீரில் போட்டது நான். எனக்குத் தெரியாது. அவள் குசினியில் இட்லி தின்றுகொண்டிருந்தாள். போலீசுக்குப் பயந்து சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அனிஷா பேனாவைக் கழற்றி என் பெருவிரலில் நீல மையைத் தேய்த்தாள். பேப்பரில் அழுத்தினேன்.

பிளாரன்ஸ் அதை வாங்கிப் படித்தாள்.

"பாட்டி, இதைக் குடுத்தா நான் போலீசுல பொய் சொன்னேன்னு ஆகும்."

"ஆகட்டும். நீ பொய் சொன்னதுதானே?"

"உன்னையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க."

"கூப்பிடட்டும். மீன் முள்ளு எடுக்கத் தெரியாதுன்னு சொல்லுவேன். ஏளா, பாட்டிக்காகப் பொய் சொன்னவள்னு சொன்னா, மனுசருக்குப் புரியும். தெரியாமத் தண்ணியில போட்டவள்னு சொன்னா, உன் பூட்டை எவன் நம்புவான்?"

அவள் பேப்பரை மடித்து, சர்டிபிகேட் வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். நனையாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள்.

வாசல் நிலையில் தீர்த்தக் கிண்ணம் மாட்டியிருக்கிறது. கடலுக்குப் போகிறவர்க்கும் ஊருக்குப் போகிறவர்க்கும் நான்தான் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவேன். கையை நீட்டினேன். தண்ணீரைக் கண்டதும் விரல் நின்றுவிட்டது. நாலு நாளாக அப்படித்தான், குடம் தொட்டால்கூடப் பின்வாங்குகிறது.

பிளாரன்ஸ் என் கையைப் பிடித்து, பெருவிரலைக் கிண்ணத்தில் முக்கினாள். நெற்றியைக் குனிந்து காட்டினாள். சிலுவை போட்டேன். மை காயவில்லை போலும், நீலமாக இழுகியது. துடைக்கப் போனேன், "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

பாஸ்கல் கட்டுப்போட்ட கையோடு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். "மாமா, வாரேன்" என்றாள். அவன் நிமிரவில்லை. "குழாய்க்கு ஒரு டயர் வளையம் அந்துபோச்சு. அடுத்த தரம் வரும்போது கட்டிக் குடு" என்றான். அவள் தலையை ஆட்டினாள்.

பையைத் தோளில் மாட்டி வெளியே இறங்கினாள். எதிர் வாசலில் விஜிலா வாளியோடு நின்றாள்.

"என்னளா, நெத்தியில சிலுவை? நவம்பர் மாசத்துலயே சாம்பல் புதனா?"

"ஆமாக்கா," என்றாள் பிளாரன்ஸ். அந்த வாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தாள்.

கடலுக்கோ ஊருக்கோ போகிறவரைப் பின்னால் இருந்து கூப்பிடக் கூடாது. அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லையே, எனக்குச் சொல்ல அது ஒன்று மிச்சம் இருந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக்க மூடிக்கொண்டு, அவள் தெருமுனை திரும்புகிறவரை நின்றேன்.